நாற்பது வண்டி நிலக்கரி

அன்பு அக்கா மகள் சுண்டெலிக்கு, தாய்மாமன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் அம்மாவின் முட்டிவலி குறைந்தது நான் சொன்ன எண்ணெயால்தான்; டாக்டர் சும்மா பெயர் வாங்கிக்கொண்டார்.

கம்பெனிகளுக்குப் புகை குறைக்கத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன் என்று நீ சொன்னபோது, இதற்கும் ஒரு படிப்பா என்று சிரித்தேனே, இப்போது உன் தொழில்காரி ஒருத்தி எங்கள் அட்டைப்பெட்டி ஆலைக்கே வந்துவிட்டாள். புகைபோக்கியை ஏறிட்டும் பார்க்காமல் நிலக்கரிக் குவியலையே சுற்றினாள். "ஏம்மா, புகை மேலதானே போகுது, கீழ என்ன தேடுற?" என்று கேட்டேன். எரிகிற கரியை எண்ணினால் புகையின் எடை தெரிந்துவிடுமாம்! ஒரு கிலோ கரிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வருமாம், காற்றும் கூடச் சேர்வதால்.

காற்றுக்கு எடையா? சோறு இறங்கவில்லை. சைக்கிள் டியூபைக் காற்றோடும் காற்றில்லாமலும் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். முள் ஒரு விரற்கடை நகர்ந்தது, சத்தியம்! என் கை பட்டது என்கிறார் கடைக்காரர். பொறாமை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குவியல் ஒன்று, கொதிகலன் இரண்டு; அதில் ஒன்று என் பொறுப்பு. மொத்தம் நாளுக்கு அறுபது தள்ளுவண்டி. எது எவ்வளவு தின்கிறது என்று எழுதி வைத்தவர் இல்லை. அடுத்த கொதிகலன் பார்க்கும் மொட்டை அன்று விடுப்பு. என்னிடம் கேட்டாள். நான் சும்மா இருப்பேனா? "நம்மளது யானைம்மா, நாற்பது வண்டி முழுங்கும்" என்றேன். மீதி இருபதை மொட்டை பேரில் எழுதிக்கொண்டாள். உண்மையில் என்னுடையது இருபத்திரண்டு, மீதியெல்லாம் அவனுடையது.

நேற்று திட்டத்தை வாசித்தார்கள். அதிகம் தின்பதை முதலில் நிறுத்தி, மின்சாரத்தில் ஓடும் கொதிகலன் வைப்பார்களாம். அதற்கு ஆளே வேண்டாமாம். மொட்டை என் தோளைத் தட்டி, "உன் யானைக்கு ஓய்வு கொடுத்துட்டாங்களேப்பா" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

நான் வாயைத் திறந்தால் அவன் வேலை போகும். மூடினால் என் வேலை போகும். புகையும் அவர்கள் நினைத்த அளவு குறையாது. முப்பது வருடம் கரி அள்ளியவனுக்கு அதுவும் உறுத்துகிறது, என்ன மாயமோ.

புதன்கிழமை முதலாளி கையெழுத்துப் போடுகிறார். அதற்குள் பதில் எழுது. இரண்டு பேருக்கும் இடம் இருக்கிற மாதிரி ஒரு வழி உன் படிப்பில் உண்டா? இல்லையென்றால், அந்தப் பெண்ணிடம் "நான் சொன்னது தப்பு" என்று எப்படித் தொடங்குவது என்றாவது சொல்லிக்கொடு தாயே. இந்த வயது வரை எனக்கு அது பழக்கமில்லை.

நீ எண்ணுகிற கணக்கெல்லாம் சரியாகவே வரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மாமா