வடிகட்டியில் மிஞ்சிய ஈரம்

மதினி, இன்று காலை தேயிலையை வடித்துவிட்டுச் சக்கையைக் கொட்டப் போனேன். வடிகட்டியிலிருந்து அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உங்களிடம் பேசி ரொம்ப நாளாகிவிட்டது என்று தோன்றியது.

தொண்ணூறுகளில் மலை எஸ்டேட்டிலிருந்து அண்ணனுக்கு வாக்கப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தீர்கள். எங்கள் வீட்டில் டீ என்றால் தூளைப் பாலோடு போட்டுக் கொதிகொதியென்று கொதிக்க வைப்பது. நீங்கள் வெந்நீரை இறக்கி, இலையைப் போட்டு, தட்டால் மூடி, செபமாலையில் பத்து மணி சொல்லி முடித்த பிறகுதான் வடிப்பீர்கள். "அது என்ன கழனித்தண்ணி?" என்று அம்மா முகம் சுளிப்பார். சிரித்துக்கொண்டே சக்கையை மாடிக்கு எடுத்துப்போய் ரோஜாத் தொட்டிகளில் தூவுவீர்கள். "பாலு பட்ட சக்கையப் போட்டா எறும்புதான் வரும் புள்ள. இது செடிக்குச் சோறு" என்பீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு வைத்துப்போன ரோஜாவெல்லாம் அந்தச் சோறு தின்று பூத்தவை.

பிறகு உங்கள் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. டயாலிசிஸுக்கு மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். டீ, கஞ்சி, மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் என்றார் டாக்டர். அதில் ஒரு டம்ளரை டீக்கென்றே ஒதுக்கிவிட்டீர்கள். அந்த வருஷம் மழையும் இல்லை. குழாயில் என்றைக்கோ ஒருநாள் வரும் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து அடுப்படியில் அடுக்கியிருந்தோம். அத்தனை குடத்துக்கும் நடுவே நீங்கள் நாக்கு வறண்டு கிடந்தீர்கள்.

ஒருநாள் தாங்க முடியாமல் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டீர்கள். சாயங்காலத்துக்குள் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு இழுக்கவே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்ததும் அண்ணன் தன் பூட்டுப் பட்டறையில் செய்த மாங்காய்ப் பூட்டைக் கொண்டுவந்து அடுப்படிக் கதவில் மாட்டினார். "நீ போயிட்டா நான் என்னத்துக்கு இருக்கேன்? கொஞ்சம் பொறுத்துக்க தாயி" என்று அவர் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் கோபப்படவில்லை. "உங்கண்ணன் செஞ்சதுலயே நல்ல பூட்டு இதுதான் புள்ள" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். படியேறவே முடியாத நீங்கள் ரோஜாத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள். காலையில் நான் தூவிய சக்கையை மண்ணை ஊதிவிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தீர்கள்.

"கொஞ்சம் ஈரந்தான் புள்ள. முழுங்கல, துப்பிருவேன். அவருகிட்டச் சொல்லிராத."

அன்றிலிருந்து செடிகளுக்குச் சக்கை போகவில்லை. வடித்ததும் சின்னக் கிண்ணத்தில் உங்கள் கட்டிலுக்கு வந்தது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வீர்கள். அண்ணன் ஒருநாள் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். கத்தப்போகிறார் என்று பயந்தேன். அப்படியே திரும்பிப் பட்டறைக்குப் போனார். மறுநாள் கிண்ணத்தை அவரே எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தார். பூட்டு மட்டும் கதவிலேயே இருந்தது.

ஒரு வருஷம் அப்படியே போயிற்று. நீங்களும் போனீர்கள். அடக்கம் முடிந்து வந்து அண்ணன் அந்தப் பூட்டைத் திறந்து கழற்றினார். அடுப்படிக்குள் குடங்கள் நிரம்பித் ததும்பின.

முதல் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவர்த்தியும் மாலையும் கொண்டுவந்தார்கள். அண்ணன் பெரிய பிளாஸ்க்கைக் கொண்டுவந்தார். உங்கள் கைப்பக்குவத்திலேயே போட்ட டீ. செபமாலையில் பத்து மணியும் சொன்னாராம். பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உங்கள் தலைமாட்டில் ஊற்றினார்.

"குடி தாயி. வயிறு முட்டக் குடி. இனிமே யாரும் பூட்ட மாட்டாக."

காய்ந்து கிடந்த மண் அம்புட்டையும் ஒரு நொடியில் உறிஞ்சிவிட்டது. அண்ணன் அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

இன்று காலை அந்தச் சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் அடக்கிப் பார்த்தேன் மதினி. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கிறது. ஈரம் உடனே போய்விடுகிறது, தாகம் முன்னைவிடக் கூடுகிறது. இதை வைத்துக்கொண்டா ஒரு வருஷம் எங்களுக்காக உயிரோடு இருந்தீர்கள்?