ஜும்ஆ முபாரக் படங்கள்

வியாழன், இஷாத் தொழுகைக்குப் பிறகு

அலுவலகக் கணினிகள் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன என்று இந்த வாரம் முழுக்க அளந்தேன். வேண்டாத படங்களைச் சேமித்து வைக்கவும் எங்கோ இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன என்று இன்று கூட்டத்தில் விளக்கினேன். அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து உம்மாவின் போனைத் துப்புரவாக்கினேன். பூவும் பள்ளிவாசலும் போட்ட ஜும்ஆ முபாரக் என்ற வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்கள்தான் நிறைந்து கிடந்தன. கேட்காமலே அழித்தேன்.

மஃரிப் தொழுதுவிட்டு உம்மா தேடினா.

"குவைத்திலிரிந்து ராத்தா அனுப்பின படமெல்லாம் எங்க புள்ள?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே உம்மா. சும்மா கரண்ட்தான் வீண்."

"வேல செய்ற வீட்டுல என்ட மூத்த மகளக் கதைக்க உடமாட்டாங்க. வெள்ளிக்கிழம படம் வந்தாத்தான் அவள் சுகமா இரிக்காள் எண்டு எனக்குத் தெரியும்."

திரும்ப எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன வெள்ளி படம் வரவில்லையாம். அதனால்தான் பழையவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அலுவலக மின்சார அறிக்கையை முடிக்க வேண்டும். மூடி வைத்துவிட்டேன். உம்மா ஏசியிருக்கலாம். ஏசவில்லை. போனைச் சார்ஜில் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறா.

விடிந்தால் வெள்ளி.