முறை தப்பிய பெயர்

நைனா,

ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிதான் வேண்டும் என்று போராடியவர் தன் பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்தால் அது வேஷமா? இன்று என்னிடம் கேட்டார்கள். 

நம் குப்பத்துப் பள்ளியில் புதிதாகக் கட்டிய அறைக்கு வண்ணம் அடிக்கிறார்கள். அந்த வாசனை ஏரிக்கரை வரை வருகிறது. வாசலுக்கு மேலே ஒரு பட்டையை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். பழைய கவுன்சிலர் என்று அதில் உன் பெயரை எழுதக் கட்சிக்காரர்களுக்கு ஆசை. நீ இல்லாததால், உன் மகள் என்று சென்னையிலிருந்து என்னை வரவழைத்ததும் அதற்குத்தான். நாளை ஊர்க்கூட்டத்தில் முடிவாகும்.

கன்னியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. என் வயதுக்காரி, இறால் வாங்கி விற்கிறாள். கூடையை இறக்கிவிட்டு நேராகவே சொன்னாள்.

“உங்க நைனா நல்ல மனுசன்தான், இல்லேன்னா சொன்னேன்? ஆனா ஸ்கூலுக்கு வாத்தியார் கேட்டு எங்களையெல்லாம் ரோட்டுல உக்கார வெச்சாரு. அன்னிக்கு நீ டை கட்டிக்கினு பொன்னேரி பஸ்சுல போன.”

உண்மைதான். மறியலில் என் பேருந்தும் நின்றது. ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். நீ கோஷத்தை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மாலையில், என்னை மட்டும் ஏன் கான்வென்ட்டுக்கு அனுப்புகிறாய் என்று கேட்டபோது, வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டே சொன்னாய்: “ஸ்கூலு சரியாவற வரைக்கும் உன் வயசு நிக்குமா?”

அதைக் கன்னியம்மாவிடம் சொன்னேன்.

“எங்க வயசு மட்டும் நின்னுதா?” என்றாள்.

நீ கேட்ட வாத்தியார்கள் பிறகு வந்தார்கள். அதற்குள் அவள் படிப்பை விட்டிருந்தாள். அவள் பேத்தி இப்போது அங்கேதான் படிக்கிறாள். உன் கோரிக்கை சரியானது. நான் எங்கே படித்தேன் என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கான்வென்ட்டால் பிழைத்தவள் நான். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஏரியில் பாடு பிரிப்பது நினைவுக்கு வந்தது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது முறைவைத்து வரும். நல்ல இடமோ வெறும் சேறோ, வந்ததை ஏற்க வேண்டும். சித்தப்பா ஒரு தடவை முறை தப்பி வலை இறக்கினார். பஞ்சாயத்தில் நீதான் சொன்னாய்: “தம்பியா இருந்தா இன்னா? முறை தப்பினவனுக்கு அடுத்த முறை கெடையாது. அதுக்கப்புறம் வரட்டும்.” அவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. ஒரு முறை போயிற்று, அவ்வளவுதான்.

நேற்று இதுவரை எழுதியதைக் கூட்டம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய பின் தொடர்கிறேன். கட்சிக்காரர்கள் உன் மறியல்களைப் பற்றிப் பேசினார்கள். கன்னியம்மா முதல்நாள் சொன்னதையே சொன்னாள். என்னைக் கேட்டபோது, சித்தப்பாவுக்கு நீ சொன்ன தீர்ப்பை அப்படியே உனக்கும் சொன்னேன்.  முதலில் சிரித்தது சித்தப்பாதான்.

“மாட்டிக்கினியாண்ணா,” என்றார், நீ எதிரில் இருப்பதுபோல.

அந்தப் பட்டையில் ஊர்ப் பெயரை எழுதினார்கள். இன்னொரு அறை கட்டினால் உன் பெயரைப் பார்க்கலாம் என்றார் ஊர்த் தலைவர்.

“அப்ப நான் குறுக்க நிக்க மாட்டேன்,” என்றாள் கன்னியம்மா.

அது வேஷமா என்ற அதே கேள்வியோடு மாலை பொன்னேரி பேருந்தில் ஏறினேன். வழியில் யாரும் மறிக்கவில்லை.