தனோஜனின் இயர்போன்

கல்லடி, புதன்கிழமை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? மன்னாரில் மழை உண்டா? நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் வாவிக்கரை மேடையில், கீபோர்ட் வாசிக்கும் தனோஜன் அண்ணனுக்கு சவுண்ட் மிக்சரைப் பூட்டி, அவருடைய வாசிப்பு அவருக்கே கேட்க இயர்போனும் கொடுத்தேன்.

"இன்னும் கூட்டுங்க தம்பி" என்றார். கூட்டினேன்.

"ஒண்டும் கேக்கல்லயே."

வயர் பழுதென்று நினைத்து இயர்போனை என் காதில் வைத்தேன். ஊசி ஏற்றியதுபோல் சத்தம் பாய்ந்தது, பிடுங்கி எறிந்துவிட்டேன். அண்ணனுடைய முகம் வெளிறிப்போனது.

"ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க. எனக்கு வேற தொழில் தெரியா."

நான் சொல்லவில்லை. அவர் கேட்ட அளவுக்கே சத்தத்தை வைத்தும் கொடுத்தேன். அதுதான் மனதை அரிக்கிறது. இருபது வருடம் மேடையில் நின்றவர் அவர். இந்தச் சவுண்ட் வேலையில் எனக்கு இது ஏழாவது வருடம்.

ஒரு மாதமாக என் இடது காதிலும் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம். பயப்படாதீர்கள், டொக்டரிடம் காட்டுவேன். இனிப் போனில் கொஞ்சம் உரத்து, ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். ஞாயிறன்று நீங்கள் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். என்ன கேட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

ஸ்பீக்கர்களை ஏற்ற வான் வந்துவிட்டது.

உங்கள் மகன்
அமலன்