எட்டாத கிளட்ச்

ஐப்பசி 9, செவ்வாய்

என் பைக்கின் கிளட்ச்சை என்னைக் கேட்காமல் மாற்றவைத்தது என் மகன் குமார்தான். கை உடைந்து கட்டுப் பிரித்த பிறகு என் இடது கையில் இரண்டு விரல்கள் நீள்வதில்லை. அதற்காகவே மெக்கானிக் பாபு கிளட்ச் லீவரைக் கீழே சாய்த்து, என் விரலுக்கு எட்டும்படி முடுக்கிக் கொடுத்திருந்தான்.

காலையில் லீவர் மேலே ஏறியிருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று கிளம்பினேன். முட்டுக்காடு பாலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. விரல் பழைய இடத்துக்கே போனது. அங்கே லீவர் இல்லை. பிரேக்கை மிதித்ததில் வண்டி குதித்து அணைந்தது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து குமாரைக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"நான்தான் பாபுகிட்ட ஏத்தி வெக்கச் சொன்னேன், நைனா. எட்டலன்னா நீ வண்டிய எடுக்க மாட்டன்னு பாத்தேன்."

"எட்டலன்னா வுழுவேன்டா!"

"அப்பக்கூட ஓட்டுறத வுட மாட்ட, இல்ல?"

ஓட்டாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

 

நாளை பாபு என் கண்முன்னால் லீவரை இறக்க வேண்டும். குமார் ஆபீசுக்கு லீவு சொல்ல வேண்டும். என் பின்னால் உட்கார்ந்து அதே பாலத்தைத் தாண்டி வர வேண்டும். நான் ஓட்டுவேன். அப்போதும் என் கை எட்டவில்லை என்றால், ஓட்டாதே என்று அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.