ஆறு வெள்ளைச் சாமந்திகள்

கிராக்கோவ்
20 ஜனவரி 1994, வியாழன்

அன்புள்ள எமில்,

உறையின் மேல் முத்திரையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்திருப்பாய். ஆமாம், கிராக்கோவ்தான். உன்னிடம் சொல்லாமல் வந்தேன். உன்னை மூன்று வாரம் கடலோர மருத்துவ விடுதிக்கு ரயில் ஏற்றிவிட்டு, நம் வோம்ஜா வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் நான் தனியாக ரயில் ஏறியது இதுதான் முதல் தடவை. உன் அண்ணனோடு பேச்சு நின்ற நாளிலிருந்து இந்த ஊர்ப் பெயரையே நீ வீட்டில் எடுக்கவிட்டதில்லை. கேட்டிருந்தால் போகாதே என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை.

விடுதித் தொலைபேசியில் கூப்பிடலாம்தான். உனக்குக் காது கேட்காமல் நீ கத்துவது மூன்று மாடிக்கும் கேட்கும். இது எல்லோரும் கேட்க வேண்டிய செய்தி இல்லை. முதலில் உட்கார்ந்துகொள். உன் நெஞ்சுக்கு அதிர்ச்சி ஆகாது என்று மருத்துவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

சந்தைக்குப் பக்கத்தில் ஸ்டெஃபானியா என்ற அம்மாளின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். நல்ல கணப்பு, மெத்தை மட்டும் குழி விழுந்தது. நேற்று பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரி. நான் ஒற்றை ஆளாகக் கிளம்பியதைப் பார்த்து ஸ்டெஃபானியா அம்மாள், "இந்தக் குளிர்ல தனியாச் சுத்த வந்தீங்களா, இல்ல புருஷனை விட்டுட்டு ஓடி வந்தீங்களா?" என்று கேட்டாள். புருஷன்தான் ஓடிப் போய் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறார் என்றேன். எள் தூவிய வளைய ரொட்டியைக் கல்லூரிப் பெண் மாதிரி தெருவில் நடந்துகொண்டே தின்றேன். சதுக்கத்தில் கோபுரத்து ஊதுகுழல், அந்தக் காலத்தில் ஊதியவன் அம்பு பட்டு விழுந்த நினைவாக, வழக்கம்போலப் பாதியில் நின்றபோது, தெரிந்த சங்கதியாக இருந்தும் ஒரு கணம் நடை நின்றுவிட்டது. நன்றாக இருந்தது, எமில். பொய் சொல்ல மாட்டேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ரொட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் விதோல்ட் இறந்துவிட்டார்.

இன்று காலை அத்தைக்கு, உன் அம்மாவுக்கு, விளக்கு வைக்க ரகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல் முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. அறைச் சாவியால் சுரண்டினேன். உன் அப்பா பெயர் வந்தது, அம்மா பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. விதோல்ட் ஜரெம்பா, பிறப்பு 1931. பொன் எழுத்து, புத்தம் புதிது. அதற்கும் கீழே விரல் தடிமனுக்கு ஐஸ், என் சாவிக்கு அசையவில்லை. சுற்றிலும் புதிய ஃபிர் மரக் கிளைகள், கண்ணாடிக் கூண்டில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லறையைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவியைக் கேட்டேன். "போன வாரம்தான் இந்த வரிசையில ஒரு அடக்கம் நடந்துச்சு, பாவம், கூட நாலு பேர்கூட வரல," என்றாள். கொண்டுபோன விளக்கை ஏற்றக்கூட மறந்து, பையிலேயே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்.

நாலு பேர்கூட வராத அடக்கம். நமக்கு ஒரு தந்தி அடிக்க ஆள் இல்லை. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் அண்டை அயலாரிடம் விசாரிக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இனி ஒருவருக்குத்தான் சொல்ல முடியும். அது இந்தக் காகிதத்தில் வரமாட்டேன் என்கிறது.

மாத்திரையை வேளைக்குப் போடு. கடற்கரையில் தொப்பி இல்லாமல் நடக்காதே.

உன்
ப்ரோனியா


கிராக்கோவ்
22 ஜனவரி 1994, சனி

அன்புள்ள எமில்,

நேற்று உனக்கு ஒரு தந்தி அடித்தேன். 'விதோல்ட் உயிரோடு இருக்கிறார். கடிதத்தை நம்பாதே.' தபால் நிலையப் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உயிரோட இருக்கிறவங்களுக்கெல்லாம் தந்தி அடிக்க ஆரம்பிச்சா, நாங்க வீட்டுக்குப் போன மாதிரிதான்," என்றாள். தந்தி முந்தி, கடிதம் பிந்தி வந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாய். கடிதம் முந்தியிருந்தால் நீ பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று காலை கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, சந்தையில் சாவுக்கு வைக்கிற இரட்டைப்படைக் கணக்கில் ஆறு வெள்ளைச் சாமந்தி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன், அண்டை வீட்டார் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று. கதவைத் திறந்தது விதோல்ட். கம்பளிச் செருப்பும், முகத்தில் பாதி சவர நுரையுமாக. சிலுவை போட்டுக்கொள்ளக்கூடக் கை எழவில்லை.

பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பூவைத்தான் பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார். "ஆறு. இரட்டைப்படை. யாருக்குச் சாவு, ப்ரோனியா? எமிலுக்கா?" என்றார். கேட்டவரின் கையிலிருந்து சவரக் கத்தி கீழே விழுந்தது. எமிலுக்கு இல்லை, உங்களுக்குத்தான் என்று நான் உளறினேன். பிறகு கொத்திலிருந்து ஒரு பூவை உருவி என் கையில் கொடுத்து, "இப்ப அஞ்சு. உசுரோட இருக்கிறவன் வீட்டுக்கு வந்திருக்கே, உள்ள வா," என்றார். அப்போதுதான் நான் அழுதேன். சமையலறை மேசையில் தலையை வைத்து, கடைத்தெருவில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி அழுதேன்.

கல்லைப் பற்றிக் கேட்டபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்லறைக் கல்லை இரண்டு வருடத்துக்கு முன் புதுப்பித்தாராம். தன் பெயரையும் அப்போதே வெட்டி வைத்துவிட்டாராம். உயிரோடிருப்பவர்கள் பெயரை வெட்டி வைப்பது எனக்குத் தெரியாததா? என் அக்காவே தன் கல்லை ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைக்கிறாள். கீழே இறந்த வருடம் இருக்கிறதா என்று பார்க்காமல் போனது அந்த ஐஸால். போன வாரம் அடக்கமானது வரிசைக் கோடியில் ஓர் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநராம். விளக்கு வைத்தது விதோல்டேதான், அம்மாவுக்காக.

இன்று காலை இரண்டு பேரும் போனோம். அவர் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கல்லின் மேல் ஊற்றினார். அவர் பெயருக்குக் கீழே இருந்த ஐஸ் விரிசல் விட்டு வழுக்கி விழுந்தது. அங்கே இன்னொரு பெயர் இருந்தது, எமில். எமில் ஜரெம்பா, பிறப்பு 1934. அப்புறம் ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு வெறும் கல்.

உன் பெயரைப் பொன் எழுத்தில் அங்கே பார்த்ததும் நான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தாநாள் வந்த அதிர்ச்சி இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் பிளாஸ்கை மூடிக்கொண்டே, "அம்மா அடக்கத்தன்னிக்கு அவன் வர்ற வரைக்கும் எடத்த வெச்சுக் காத்திருக்கல. இப்பவாவது வெச்சிருக்கேன்," என்றார். எனக்கு எங்கே இடம் என்றேன். "இடது பக்கம் விட்டிருக்கேன். உன்னக் கேக்காம வெட்டினா, வயசப் போட்டுட்டேன்னு சண்டைக்கு வருவே," என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "பேசாமலே பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டா, நடுவுல கிடக்கிற அம்மாதான் கஷ்டப்படுவா," என்றார்.

முதல் கடிதத்தில் வராதது இதில் வந்தே ஆக வேண்டும்.

பதினோரு வருடமாக நீ சொல்லிக்கொண்டிருப்பது, அண்ணன் வேண்டுமென்றே தந்தியைத் தாமதமாக அனுப்பினான், அம்மாவின் முகத்தைக் காட்டாமல் மண்ணைப் போட்டான் என்று. அத்தை இறந்த தந்தி திங்கள்கிழமையே வந்தது, எமில். உனக்கு நாற்பது டிகிரி காய்ச்சல். நுரையீரலில் சளி, படுக்கையை விட்டு எழுந்தால் நான் பொறுப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன அதே மதியம். தந்தியைக் காட்டினால் நீ சட்டையை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கியிருப்பாய். நான் அதை மாவு டின்னுக்குள் வைத்தேன். புதன் காலை காய்ச்சல் இறங்கியதும், இப்போதுதான் வந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். தேதி இருந்த துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தேன். உன் ரயில் பனியில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வியாழன் மாலை நீ போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ திரும்பி வந்து அண்ணனைத் திட்டியபோது சொல்லியிருக்கலாம். முதல் நாள் பயம். அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது.

விதோல்ட் அந்தத் தந்திக்கான ரசீதை இன்னும் வைத்திருக்கிறார், ஜெபப் புத்தகத்துக்குள். நேற்று எடுத்துக் காட்டினார். திங்கள், காலை ஒன்பது மணி. புதன்கிழமை வைத்த அடக்கத்தை உனக்காக ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, ரசீதை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்து, "பனியில தந்திகூட வழுக்கி விழும் போல," என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதாமல்கூட இருந்திருப்பேன்.

அவருக்கு மூச்சு வாங்குகிறது. மூன்றாவது மாடி ஏற இரண்டு தடவை நிற்கிறார். கேட்டால் படிக்கட்டு உயர்ந்துவிட்டது என்கிறார்.

உன் சிகிச்சை இருபத்தொன்பதாம் தேதி முடிகிறது. வோம்ஜாவுக்குச் சீட்டு எடுக்காதே. நேராக இங்கே வா. மறுநாள் காலை வண்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் நடைமேடையில் நிற்போம். என்னோடு நீ பேச வேண்டாம். இந்தப் பதினோரு வருடமும் நீ அவரோடு பேசாமல் இருந்தது எனக்குச் சேர வேண்டிய தண்டனை. இன்னும் மிச்சமிருந்தால் எனக்குக் கொடு, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல். வசவாக இருந்தாலும் பரவாயில்லை.

அவர் உருவிக் கொடுத்த ஆறாவது பூவை என்னிடமிருந்து திரும்ப வாங்கி ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்திருக்கிறார். இன்று காலையே தண்ணீர் மாற்றிவிட்டார். ஏன் அதை மட்டும் தனியே என்று கேட்டேன். "ஒண்ணும் ஒத்தைப்படைதானே. அது எமிலுக்கு," என்றார்.

கடவுள் உன் நெஞ்சைக் காக்கட்டும். அந்தப் பூ வாடுவதற்குள் வந்துவிடு, எமில்.

உன்
ப்ரோனியா