நாமினி என்ற இடத்தில் உன் பெயர்

கோவளம்,
9.6.2025

பன்னீர்செல்வம் அண்ணனுக்கு, சரவணகுமார் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. போனில் பேசினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால் எழுதி, மஸ்கட்டுக்குத் திரும்பும் பக்தவத்சலத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

மார்ச் மாதம் மறைமலைநகர் பக்கம் ஒரு குடோனில் தீயை அணைக்கப் போனபோது கூரைத் தகடு என் மேல் விழுந்தது உனக்குத் தெரியும். கைகளிலும் முகத்திலும் தீக்காயம், இரண்டு கண்ணிலும் கட்டு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம் நான் தூங்கவில்லை என்பதுதான் உனக்குத் தெரியாது.

ஜெஸ்ஸி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பரிமளா அண்ணி என் கட்டில் பக்கத்தில் நின்று உன்னோடு ஸ்பீக்கரில் பேசினார். “தூங்கிகினு கீறாரு. ஆபீஸ்ல கேட்டுட்டேன். சர்வீஸ் புக்குல நாமினின்னு இன்னும் உன் பேருதான் கீதாம். அவ பேரை ஏத்தவே இல்லியாம்.”

என் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். “வூட்டுப் பத்திரம் எங்க வச்சிகீறான்னு பாத்தியா? அந்தப் பொண்ணு கைக்குப் போறதுக்குள்ள எடுத்து வச்சுக்கோ” என்றாய். பிறகு கண் கட்டு ஏன் ஈரமாக இருக்கிறது என்று நர்ஸ் என்னைத் திட்டினார். வேர்வை என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் அண்ணி ஒரு முத்திரைத்தாளோடு வந்தார். அப்பா வீட்டில் எனக்குள்ள பாதியை உனக்கு விட்டுக்கொடுக்கிறேனாம். “கைல கட்டு கீதேன்னு பாக்காத. இடது கை பெருவிரலை வச்சா போதும்னு உங்கண்ணன் சொன்னாரு” என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தாத ஜெஸ்ஸி, “ஒரு வாய் சோறு ஊட்ட வந்தீங்களாக்கா? ரேகை எடுக்க மட்டும் வந்துட்டீங்களே” என்று கேட்டாள். தாளை அவர் கண் முன்னாலேயே கிழித்தாள்.

அவளுக்கு மரியாதை தெரியவில்லை என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாயே, வேற மதத்துக்காரிக்கு நம் வீட்டில் என்ன உரிமை என்றாயே, அவள்தான் நாற்பது நாள் எனக்குப் பல் தேய்த்துவிட்டாள். நீ ஒரு முறை வீடியோ காலில் கூட வரவில்லை.

தப்பு என்னுடையதும்தான். அப்பா கடலில் இறந்துபோன பிறகு என்னைப் படிக்க வைத்தது நீ. வேலையில் சேர்ந்த அன்று நாமினி என்ற இடத்தில் யோசிக்காமல் உன் பெயரை எழுதினேன். கல்யாணம் ஆனதும் மாற்றியிருக்க வேண்டும். ஊரார் வீட்டு நெருப்புக்கு அரை நிமிடத்தில் வண்டி ஏறுகிறவன், ஒரு ஃபாரம் நிரப்ப ஆறு வருடம் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கிளார்க் கண்ணாயிரம் என் பதிவேட்டைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “நீ போயிருந்தா, உம் பொண்டாட்டி கொழந்தையை இடுப்புல வச்சிகினு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்கும்பா” என்றார்.

இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. எல்லாத் தாளிலும் ஜெஸ்ஸி பெயர், அவளுக்குப் பின் பாப்பா பெயர். வீட்டில் என் பாதியை ஜெஸ்ஸிக்கு உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டேன். நிலைய அதிகாரி ஜெபக்குமார் சாரும் எங்கள் வண்டி டிரைவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் டிரைவர் தன் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். அதில் இறந்துபோன அவருடைய அம்மா பெயர் இருந்தது. அந்த வாரம் எங்கள் ஷிஃப்டில் ஒருவர் பாக்கியில்லாமல் போய் மாற்றினார்கள். என் உயில் வீட்டில் இல்லை. அண்ணியிடம் சொல்லிவிடு, பீரோவைக் குடைய வேண்டாம்.

இனி யாராவது தாளோடு என் வாசலுக்கு வந்தால் போலீசில் எழுதிக் கொடுப்பேன். நீ லீவில் வந்தால் உன் பாதியில் தாராளமாக இரு. என் பக்கத்துக் கதவைத் தட்டாதே. பெரியப்பா எங்கே என்று பாப்பா கேட்கிறாள். வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் உனக்காகப் பொய் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்பெனி இன்சூரன்ஸில் என் பெயரைத்தான் எழுதினேன் என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது இன்னும் அப்படியே இருந்தால் அடித்துவிட்டு அண்ணி பெயரைப் போடு. உன் பேரில் வருவது எதுவும் எனக்கு வேண்டாம். எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் வைக்கிறவன் நீ, என்னைப் போலத் தள்ளிப்போடாதே. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும், உள்ளே காற்றைச் சோதித்தார்களா என்று கேட்காமல் இறங்காதே. விஷவாயு இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. இரண்டு பேரை நான் அப்படிப் பிணமாகத் தூக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உன் தம்பி,
சரவணகுமார்